விடையில்லாமையும் விடையே

(காட்டூரில் பத்தாம் வகுப்பு மாணவரும் பெற்றோரும் கூடிய விழா அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



தஞ்சைச் சாலையில் அரியமங்கலத்துக்கும் திருவெறும்பூருக்கும் இடையே அமைந்த இக்காட்டூரில், மாலை மங்கியபின் தனிப்பயிற்சி வகுப்புக்குச் செல்லாத பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் காண்பது அரிது. அப்பிள்ளைகள் சுமந்து செல்லும் கணக்குக் குறிப்பேட்டில் 'இருபடிச் சமன்பாட்டு மூலங்களின் தன்மை' என்றொரு தலைப்பு இருக்கும். நடுக்கெழுவின் வர்க்கத்திலிருந்து, முதற்கெழு, மாறிலி, நான்கு ஆகிய மூன்றின் பெருக்கற்பலனைக் கழித்தால் வருவது தன்மைகாட்டி. அது சுழியினும் மிகுந்தால் மெய்யான, சமமற்ற இரு மூலங்கள். சுழியானால் சமமான மூலங்கள். சுழியினும் குறைந்தால் மெய்யான மூலங்கள் இல்லை. இந்த மூன்று வரிகளையும் பிள்ளைகள் பிழையின்றி ஒப்பிப்பர்; மதிப்பெண்ணும் பெறுவர்.

எனினும் கணக்கு ஒன்றைக் கையில் கொடுத்து, அது மூன்றாம் வகையில் வந்து நின்றால், பிள்ளையின் முகம் வாடிவிடுகிறது. விடை கிடைக்கவில்லை என்றால் பிழை தன்னுடையதே என்று அஞ்சுகிறது. கூட்டல் குறியைக் கழித்தல் குறியாக மாற்றி, எப்படியேனும் ஒரு விடையை வரவழைத்துவிடப் பார்க்கிறது. இந்த அச்சத்துக்கு மருந்து சமணப் பேரறிஞர் ஒருவரின் நூலில் இருக்கிறது. அவர் பெயர் மகாவீராசாரியர்.

பெயரைக் கேட்டதும் இருபத்துநான்காம் தீர்த்தங்கரராகிய வர்த்தமான மகாவீரரே கணக்கும் எழுதினார் என்று நம்மவரிலேயே சிலர் கருதுவதுண்டு. இருவரும் வேறானவர், இருவருக்கும் இடையே ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொலைவு உண்டு. கணித ஆசிரியர் தம் நூலைத் தொடங்குவதே ஜினராகிய மகாவீரரை வணங்கித்தான். இராட்டிரகூட வேந்தன் அமோகவர்ஷ நிருபதுங்கனின் காலத்தில், ஏறத்தாழ 850ஆம் ஆண்டில், 'கணித சார சங்கிரகம்' என்னும் வடமொழி நூலை அவர் இயற்றினார். அக்காலத்துக் கணிதம் பெரும்பாலும் வானநூலின் ஒரு பகுதியாகவே எழுதப்பட்டது. இவரோ கணிதத்துக்கென்றே ஒரு நூல் செய்தார்.

அந்த நூற்றாண்டைத் திருச்சிராப்பள்ளி மக்கள் கண்ணாலேயே காணலாம். புதுக்கோட்டைப் பக்கத்துச் சித்தன்னவாசலில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் குகைக்கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. அங்கே விதானத்தில் தாமரைக்குளம் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது; யானையும் எருமையும் மீனும் அன்னமும் அதில் திரிகின்றன. மகாவீராசாரியரின் கணக்குகளிலும் இவ்வாறே விலங்கும் பறவையும் நிறைந்திருக்கின்றன. ஓவியரும் கணக்காசிரியரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. காலம் ஒன்று, சமயம் ஒன்று, உயிர்க்கூட்டங்களை உற்றுநோக்கும் கண்ணும் ஒன்று.

அவருடைய ஒட்டகக் கணக்கைப் பாருங்கள். ஒரு மந்தையில் காற்பங்கு காட்டில் காணப்பட்டது. மந்தையின் வர்க்கமூலத்தைப் போல் இருமடங்கு மலைச்சரிவுக்குச் சென்றது. எஞ்சிய பதினைந்து ஒட்டகங்கள் ஆற்றங்கரையில் நின்றன. மந்தை எத்தனை? வர்க்கமூலத்தையே தெரியாத எண்ணாகக் கொண்டால், அதன் வர்க்கத்தின் மூன்று மடங்கிலிருந்து அதன் எட்டு மடங்கையும் அறுபதையும் கழிக்கச் சுழி வரும். தன்மைகாட்டி 784, அதன் வர்க்கமூலம் 28. ஆகவே ஒரு விடை 6, மற்றொன்று குறையெண். மந்தையின் வர்க்கமூலம் குறையெண்ணாகாது. மந்தை 36. காட்டில் 9, சரிவில் 12, கரையில் 15, கூட்டினால் 36.

இங்கே ஒரு மூலம் தள்ளுண்டது. இரு மூலங்களும் பொருந்தும் கணக்கும் உண்டு. அதைப் பிற்காலத்தவரான பாஸ்கராசாரியரிடமிருந்து, அதாவது 1150ஆம் ஆண்டளவில் எழுந்த நூலிலிருந்து, எடுத்துக்கொள்ளலாம். ஒரு குரங்குக் கூட்டத்தின் எட்டிலொரு பங்கை வர்க்கப்படுத்தினால் வரும் தொகை சோலையில் துள்ளி விளையாடுகிறது. எஞ்சிய பன்னிரண்டு குன்றின்மேல் இருக்கின்றன. கூட்டம் எத்தனை?

மகாவீராசாரியர் இத்தகைய கணக்குக்கு முன்னரே வழி வகுத்துவிட்டார். எட்டை எட்டால் பெருக்க 64. அதிலிருந்து, தரப்பட்ட பன்னிரண்டின் நான்கு மடங்காகிய 48ஐக் கழிக்க 16. அதை மீண்டும் 64ஆல் பெருக்க 1024. அதன் வர்க்கமூலம் 32. இந்த 32ஐ 64உடன் கூட்டிப் பாதியாக்க 48. கழித்துப் பாதியாக்க 16. கூட்டவும் வேண்டும், கழிக்கவும் வேண்டும் என்று இரண்டையும் அவரே கூறுகிறார். சோதித்துப் பாருங்கள்: 48இல் எட்டிலொன்று 6, அதன் வர்க்கம் 36, பன்னிரண்டைக் கூட்ட 48. 16இல் எட்டிலொன்று 2, அதன் வர்க்கம் 4, பன்னிரண்டைக் கூட்ட 16. இரண்டும் மெய், இரண்டும் குரங்குக் கூட்டத்துக்குப் பொருந்துவன. எது சரி என்று கேட்கும் பிள்ளைக்கு, கேள்வியில் உள்ள செய்தி அதற்குமேல் எதையும் சொல்லவில்லை என்பதே விடை.

இப்போது குன்றின்மேல் பன்னிரண்டுக்குப் பதிலாகப் பதினாறு குரங்குகள் இருப்பதாகக் கொள்வோம். 64இலிருந்து 64 போகச் சுழி. கூட்டினாலும் கழித்தாலும் ஒன்றே: 32. சற்றுமுன் 48 என்றும் 16 என்றும் பிரிந்து நின்ற மூலங்கள் நடுவில் வந்து ஒன்றிவிட்டன. பாடநூல் 'சமமான மூலங்கள்' என்பது இதைத்தான்.

இன்னும் ஒரே ஒரு குரங்கைக் குன்றில் ஏற்றுங்கள், பதினேழு. 64இலிருந்து 68 போகாது, குறை நான்கு. அதை 64ஆல் பெருக்கக் குறை 256. அதற்கு வர்க்கமூலம் வேண்டும். இவ்விடத்தில்தான் மகாவீராசாரியரின் பெருமை விளங்குகிறது. மிகையெண்ணை வர்க்கப்படுத்தினாலும் குறையெண்ணை வர்க்கப்படுத்தினாலும் வருவது மிகையே; ஆதலால் குறையெண் இயல்பிலேயே எதனுடைய வர்க்கமும் அன்று; எனவே அதற்கு வர்க்கமூலம் இல்லை என்று தம் நூலின் முதல் அதிகாரத்திலேயே தெளிவுறக் கூறிவிடுகிறார். தேடியும் கிடைக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. இருக்க இயலாது என்று காரணம் காட்டிச் சொன்னார். அத்தகைய குரங்குக் கூட்டம் உலகில் எங்கும் இல்லை என்பது அக்கணக்கின் முழுமையான விடை. அதை எழுதிய பிள்ளை தோற்ற பிள்ளை அன்று.

விழா மேடைகளில், கற்பனை எண்களைக் கண்டவர் மகாவீராசாரியர் என்று பெருமைப்படப் பேசுவோர் உளர். அது பொருந்தாது. அவர் அவ்வெண்களைக் காணவில்லை. மெய்யெண்களுக்குள் அவற்றுக்கு இடமில்லை என்று கண்டார். குறையெண்ணின் வர்க்கமூலத்தையும் வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தவர் இத்தாலியக் கார்டானோ. பத்தை இரு கூறாக்கி, அவற்றின் பெருக்கம் நாற்பதாக வேண்டும் என்ற கணக்கை 1545இல் அவர் எடுத்துக்கொண்டார். இல்லாத ஒன்றை முன்னோர் தலையில் ஏற்றுவது அவர்க்குச் சிறப்பாகாது. பூச்சியத்தால் வகுத்தாலும் எண் மாறாது என்று மகாவீராசாரியர் எழுதியதையும் இங்கே மறைக்க வேண்டியதில்லை. அது பிழை. அதைச் சொல்வதால் மற்றதன் ஒளி குன்றிவிடாது.

இந்நூல் நம் கைக்கு வந்ததில் சென்னைக்குப் பெரும்பங்கு உண்டு. பதினோராம் நூற்றாண்டிலேயே பாவுலூரி மல்லணர் இதைத் தெலுங்கில் ஆக்கினார் எனினும், மூலநூல் நெடுங்காலம் சுவடிகளுக்குள்ளேயே கிடந்தது. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்காசாரியார் கிடைத்த சுவடிகளை ஒப்புநோக்கி, ஆங்கில மொழிபெயர்ப்போடும் குறிப்போடும் 1912இல் சென்னை அரசு அச்சகத்தின் வழியே வெளியிட்டார். மூடுபித்ரி சமண மடத்து ஓலைச்சுவடியின் படியும் அவருக்கு உதவியது. கறையானுக்கு இரையாகாமல் அந்த ஓலையைக் காத்த மடத்தாரில் எத்தனைபேர் அக்கணக்குகளைப் போட்டுப் பார்த்திருப்பர்? பொருள் விளங்காவிடினும் காத்தனர்.

மாணவர்களுக்கு ஒரு வேலை எஞ்சியிருக்கிறது. பன்னிரண்டு, பதினாறு, பதினேழு ஆகியவற்றைப் பார்த்தாயிற்று. இடையில் உள்ள பதின்மூன்று, பதினான்கு, பதினைந்தை இன்றிரவு குறிப்பேட்டில் இட்டுப் பாருங்கள். பதினைந்துக்கு 40, 24 என அழகாக வரும். பதின்மூன்றுக்கு வர்க்கமூலம் காணவேண்டிய எண் 768. அது முழுவர்க்கம் அன்று. தன்மைகாட்டி மிகையாதலால் மெய்யான இரு மூலங்கள் உண்டு. ஒன்று 45க்கும் 46க்கும் இடையே, மற்றது 18க்கும் 19க்கும் இடையே. பதினான்கும் அத்தகையதே. சமன்பாட்டுக்கு விடை இருக்கிறது. குரங்குக் கூட்டத்துக்கு இல்லை. அவ்விடத்தில் விடைத்தாளில் என்ன எழுதுவது என்பதை நாளை காலை ஆசிரியரிடம் கேளுங்கள்.