இரட்டையரில் இளையவன் எவன்?



இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன் டயகமவில் இருக்க, மற்றவன் ஒளியின் வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கு வேகத்தோடு விண்ணிற் சென்று திரும்புகிறான். இங்கு 10 ஆண்டு கழிந்தால் அவனுக்கு 6 ஆண்டே கழியும். 1905இல் ஐன்ஸ்டைன் வெளியிட்ட சார்புக் கொள்கை தரும் கணக்கு இது.

சென்றவன் பார்வையில் ஓடியது நாமல்லவா, அப்படியானால் நாமன்றோ இளையவர்? பாடம் படிக்கையில் நாமும் இங்கேதான் இடறினோம். ஆனால் நடுவழியில் திரும்பியவன் அவன். திரும்பும்போது குலுக்கலை உணர்ந்தவனும் அவனே. லயத்தில் இருந்தவனுக்கு ஒன்றுமில்லை. இருவர் நிலையும் ஒன்றல்ல.

ரேவதியின் தந்தை பிரமலோகம் சென்று மீள்வதற்குள் யுகங்கள் கழிந்த கதையைப் பெரியோர் நினைவூட்டுவர். கதை இனிது, விஞ்ஞானச் சான்றாகாது.

சான்று மியூவான் என்னும் நுண்துகளில் உண்டு. அதன் சராசரி ஆயுள் ஒரு செக்கனை 10 லட்சமாகப் பிரித்தால் 2.2 பங்கு. அதற்குள் ஒளிகூட அரை மைல் ஓடாது. ஆயினும் பல மைல் உயரத்திற் பிறந்து நம் மலைகளிலும் அது பொழிகிறது. உதகமண்டலத்தில் கருவி வைத்து எண்ணுகிறார்கள். ஜெனீவாவில் வளையமொன்றிற் சுற்றவிட்டு அளந்து 1977இல் வெளியிட்டார்கள்: ஆயுள் ஏறக்குறைய 29 மடங்கு. புறப்பட்ட இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்த பிரயாணிகள் அவை.