படுக்கையும் முதுகு நோவும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் பற்றிப் பேசுமாறே காரியதரிசியார் எம்மைப் பணித்தனர். யாமோ மெத்தையைப் பற்றிப் பேச வந்துள்ளோம். தமிழாசிரியனுக்கும் மெத்தைக்கும் யாது இயைபு என்று முன்வரிசையில் இருப்போர் நகைப்பது தெரிகின்றது. இயைபு உண்டு. அமளி, அணை, சேக்கை, பாயல், பள்ளி எனப் படுக்கைக்கு நம் முன்னோர் வைத்த பெயர்கள் பல. நெடுநல்வாடையில் நக்கீரனார், பாண்டிமாதேவியின் யானைக்கோட்டுக் கட்டிலையும் அதன்மேல் இட்ட அன்னத்தூவி அணையினையும் விரித்துரைக்கின்றனர். அத்துணை மெல்லணையிலும் அத்தேவி துயின்றாளல்லள். கணவன் பாசறையில் இருந்தமையே அதற்குக் காரணம். எம் அன்னையார் துயிலாமைக்கோ யாமே காரணமாயினோம். அதனைக் கூறவே இங்கு நிற்கின்றோம்.

மூன்றாண்டுகளுக்கு முன்னர், அப்போது 74 வயதினராயிருந்த எம் அன்னையார் எம்முடன் வாழ வந்தனர். வருங்கால், தம் திருமணத்திற் சீராகப் பெற்ற இலவம்பஞ்சு மெத்தையையும் உடன் கொணர்ந்தனர். பன்முறை பிரித்துத் தைக்கப்பெற்ற அதன் நடுவே ஆள் கிடந்த வடிவிற் பள்ளம் விழுந்திருந்தது. காலையில் எழுங்கால் இடுப்பு நோகின்றதென்று அவர் கூறியவுடன், முதுகு நோவுக்கு மரப்பலகையே மருந்து என்று சிறுவயது முதல் கேட்டு வந்த சொல்லை நம்பி, மெத்தையைப் பரணில் ஏற்றிவிட்டு, பலகைக் கட்டிலின்மேல் ஒரு ஜமக்காளத்தை மட்டும் விரித்துக் கொடுத்தோம். ஏழு திங்கள் இவ்வாறு கழிந்தன. அவர் ஒரு சொல்லும் முறையிட்டாரல்லர். ஒருநாள் வைகறையில் நீர் பருக எழுந்த யாம், அவர் கட்டிலின் விளிம்பில் இருகைகளையும் ஊன்றி அமர்ந்திருத்தலைக் கண்டோம். படுக்க இயலாது பின்னிரவு முழுதும் அவ்வாறு அமர்ந்திருப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டதாம். ஏன் சொல்லவில்லை என்று வினவினோம். "நீ படித்தவன் தம்பி, சரியாகத்தான் இருக்கும் என்று பொறுத்துக்கொண்டேன்" என்றார். விடை கூற எமக்கு நா எழவில்லை.

பிழையைத் திருத்தப் புகுந்து மற்றொரு பிழை செய்தோம். அடுத்த கிழமையே ஒரு கடைக்குச் சென்று, முதுகு நோவுக்கென்றே செய்யப்பட்டதாக விற்பனையாளர் உறுதி கூறிய 'ஆர்த்தோ' மெத்தை ஒன்றைச் சேமிப்பிற் பெரும்பகுதி ஈந்து வாங்கினோம். தென்னைநாரை ரப்பர்ப்பாலிற் தோய்த்து இறுக்கிய மெத்தை அது. அன்னையார் அதன்மேல் இரண்டு இரவு படுத்துவிட்டு, பலகைக்கு உறையிட்டாற் போலிருக்கிறது என்றார். பின்னர் வேறொரு கடையில் அப்பெயர் பொறித்த மெத்தைகள் இரண்டனை அருகருகே இட்டு அழுத்திப் பார்த்தோம். ஒன்று கல்; மற்றொன்று களிமண். பெயர் ஒன்றே!

இந்நிலையில் எமக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவர், ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியொன்றனை எடுத்துக் காட்டினார். கோவாக்ஸ் என்பாரும் அவருடன் உழைத்தோரும் நெடுநாள் இடுப்பு நோவுடைய 313 பேரை இரு பகுதியாக்கி, ஒரு சாரார்க்குக் கடினமான மெத்தையும், மற்றொரு சாரார்க்கு நடுத்தரக் கடினமுடைய மெத்தையும் கொடுத்து, 90 நாள் கழித்து வினவினர். நடுத்தர மெத்தையிற் படுத்தோர்க்கே படுக்கையிலும் எழும்போதும் நோவு மிகுதியாகக் குறைந்தது. அன்றாட வேலைகளும் அவர்க்கே மிகுதியும் எளிதாயின. 2003-ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் இது வெளிவந்தது. பலகையே மருந்தென்னும் பழஞ்சொல் எம்மளவில் அன்றே விழுந்தது.

காரணம் யாதெனின், நம் முதுகு பலகைபோல் நேரானதன்று. இடுப்பின்கண் உள்ள ஐந்து முள்ளெலும்புகளும் உள்நோக்கி வளைந்திருப்பன. வன்பலகையில் மல்லாந்து படுப்பின் தோளும் பிட்டமும் மட்டுமே பலகையைத் தொட, இடுப்பு தாங்குவாரின்றி நிற்கும். அதனைச் சூழ்ந்த தசைகள் இரவெல்லாம் இளைப்பாறா. ஒருக்களித்துப் படுப்பின் இடுப்பெலும்பும் தோளும் நசுங்கும். மிக மெல்லிய மெத்தையிலோ கனத்த இடை அமிழ்ந்து, உடல் தூளியிற் கிடப்பதுபோல் வளையும். பழைய மெத்தையின் பள்ளம் அன்னையார்க்குச் செய்த தீங்கு இதுவே. ஆகவே கீழே தாங்கும் வன்மையும் மேலே இடங்கொடுக்கும் மென்மையும் வேண்டும். ஒரே பொருள் இவ்விரண்டையும் செய்தல் அரிதாதலின் அடுக்கு வேண்டியதாயிற்று.

இதன்பின் யாம் செய்தது சிறு செயல். பரணிலிருந்த சீர் மெத்தையை இறக்கிப் பிரித்து, இலவம்பஞ்சை இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, கட்டிகளைக் கையால் உதிர்த்து, தூசாய்ப் போனதை நீக்கிச் சிறிது புதுப்பஞ்சு சேர்த்து, இரண்டு அங்குலக் கனத்தில் ஒரு மெல்லணையாகத் தைப்பித்தோம். பஞ்சு ஒருபுறம் ஒதுங்காதிருக்க நெருக்கமாகக் குத்துத்தையல் இடுவித்தோம். அதனை அந்த நார்மெத்தையின்மேல் விரித்தோம். தையற்கூலியும் புதுப்பஞ்சும் சேர்ந்து மெத்தை விலையிற் பத்திலொரு பங்குகூட ஆகவில்லை. முதற் கிழமையில் பெரிய வேறுபாடு காணவில்லை. மூன்றாம் கிழமையில் அன்னையார் விடியும்வரை படுத்திருந்தனர். நோவு முற்றும் நீங்கிற்றென்று கூறோம். இன்றும் எழுந்தவுடன் சிறிது நேரம் சுவரைப் பிடித்தே நிற்கின்றனர். ஆனால் அமர்ந்து இரவைக் கழிப்பதில்லை.

உங்கள் இல்லத்திற் செய்யப் புகுவோர் முதலிற் கட்டிலைப் பாருங்கள். நாடா தொய்ந்த கட்டிலின்மேல் எம்மெத்தை இடினும் பயனில்லை. நாடாவை இறுக்குக, அல்லது மெத்தைக்கடியிற் பலகை இடுக. பலகைக்கு உரிய இடம் அதுவே. அடுத்து மெத்தையைத் தலைமாடு கால்மாடாக மாற்றிப் போடுக. அதன்பின் மல்லாந்து படுத்து, இடுப்பின் கீழ் உள்ளங்கையைச் செலுத்திப் பாருங்கள். கை தடையின்றி உட்புகுந்து மேலும் இடைவெளி இருப்பின் மேலடுக்குப் போதாது. கை நுழையவே இடமின்றேல் மெத்தை மிக மெல்லிது. ஒருக்களித்துப் படுக்கும் வழக்கமுடையோர் வீட்டாரைப் பின்னின்று பார்க்கச் செய்க. பிடரி முதல் முதுகின் அடிவரை நூல் பிடித்தாற்போல் இருத்தல் நன்று. மெலிந்த உடலினர் மெத்தையில் மிகுதியாய் அமிழாராதலின் அவர்க்கு மென்மை சற்றுக் கூடுதலாக வேண்டும். பருத்தவர்க்கு வன்மை வேண்டும். கணவனுக்கு ஏற்றது மனைவிக்கு ஏற்குமென்னும் நியதியில்லை. ஆயின், இருவர்க்கும் தனித்தனி மேலணை தைப்பதில் தடை யாது?

எதனை மாற்றினும் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு மூன்று கிழமை பொறுத்து, பின்னரே அடுத்ததை மாற்றுக. எல்லாவற்றையும் ஒருநாளில் மாற்றினால் எது நலம் செய்தது, எது கேடு செய்தது என்று அறியமாட்டீர்கள். மல்லாந்து படுப்போர் முழங்காலின் கீழும், ஒருக்களித்துப் படுப்போர் இரு முழங்கால்களின் இடையிலும் ஒரு தலையணை வைப்பின் இடுப்புக்கு இளைப்பாறுதல் உண்டு. இதற்குக் காசும் வேண்டா.

மெத்தை மருத்துவனன்று. காலில் மரமரப்போ வலுக்குறைவோ தோன்றினும், சிறுநீர் மலம் அடக்கும் ஆற்றல் மாறினும், காய்ச்சலோ காரணமற்ற மெலிவோ உடன் வரினும், விழுந்தபின் நோவு தொடங்கினும் தாமதியாது மருத்துவரை அடைக. நோவென்று நாள்முழுதும் படுத்தே கிடத்தலும் தகாது. இயன்றவரை நடமாடுதலே நன்றென்று இக்கால மருத்துவர் கூறுகின்றனர்.

நம் இல்லத் திருமணங்களிற் சீராக மெத்தை கொடுப்போர்க்கும் ஒரு சொல். மணமக்கள் படுத்துப் பாராத மெத்தையை நாம் விலைச்சீட்டைப் பார்த்து வாங்குகின்றோம். அவர்களை உடனழைத்துச் சென்று, கடையிலேயே கால்மணி நேரம் படுத்துப் பார்க்கச் செய்தல் நாணத்தக்கதன்று. கடைக்காரர் முகஞ்சுளிப்பின் வேறு கடைக்குச் செல்க.

எம் அன்னையாரின் படுக்கையை நேரிற் காண விரும்புவோர் வரும் ஞாயிறன்று எம் இல்லத்திற்கு வரலாம். மூன்று மணிக்குப் பின்னர் வருக. அதற்கு முன் அவர் துயின்றுகொண்டிருப்பார்.