மாட்டேன் என்கிற பிள்ளை

(மும்பை தாராவியில், மாலை வகுப்பு முடிந்த பின் தாய்மார்களிடம் ஒரு தொண்டர் பேசியது)



இன்று கரும்பலகையில் ஒன்றும் எழுதப் போவதில்லை. நோட்டை மூடி வையுங்கள். போன வாரம் வகுப்பு முடிந்ததும் ஒரு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "என் மகன் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கான். மூணு வயசுதான் ஆகுது. நான்தான் வளக்கத் தெரியாதவளோ?" என்று கேட்டார். அவர் கண் கலங்கிவிட்டது. நான் பெரிய ஆள் மாதிரி ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் என் மனசில் இருந்ததைச் சொல்லவில்லை. அதே கேள்வியை நானும் ஒரு வருஷமாக என்னையே கேட்டுக் கொண்டிருக்கிறேன். அதை இன்று சொல்கிறேன். அந்த அக்கா யார் என்று யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

என் மகளை உங்களுக்குத் தெரியும். நாலு வயசு. இந்தச் சந்தில் அவள் குரல் கேட்காத வீடு இல்லை. இட்லியைப் பிய்த்து வைத்தால் தின்ன மாட்டாள். முழு இட்லிதான் வேண்டும். செருப்பை அவளேதான் போட வேண்டும். அதுவும் இடது காலை வலது செருப்பில்தான் விடுவாள். மாற்றிப் போட்டால் அழுகை. எதைச் சொன்னாலும் முதல் வார்த்தை "மாட்டேன்".

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "எல்லாம் நீ குடுத்த செல்லம்" என்றார்கள். "ரெண்டு போட்டா சரியாயிடும்" என்றார்கள். "பத்தாங்கிளாஸ் படிச்சிருக்கா, ஊருக்கே பாடம் சொல்லுதா, சொந்தப் பிள்ளைய அடக்கத் தெரியல" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. அதுதான் என்னை ரொம்பக் குத்தியது.

இது போன மழைக்காலத்தில் நடந்தது. அப்போது அவளுக்கு மூன்றரை வயசு. நம் சந்தில் காலையில் குழாய் வருகிற நேரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிரம் நிறைய வேண்டும், குடம் நிறைய வேண்டும், பின்னால் நாலு பேர் நிற்பார்கள். அன்று இவள் செம்பை எடுத்துக்கொண்டு, "நான்தான் தண்ணி தூக்குவேன்" என்று வாசலில் குறுக்கே நின்றாள். "நகரு" என்றேன். "மாட்டேன்" என்றாள். செம்பு நிறையத் தண்ணீரோடு உள்ளே ஓடினாள். கால் வழுக்கியது. தண்ணீர் முழுவதும் நூல் வெட்ட வந்திருந்த சட்டைக் கட்டின் மேல் கொட்டிவிட்டது. மழைக்காலத்தில் அது எப்போது காயும்? எப்போது திருப்பிக் கொடுப்பது?

அகப்பை கைக்குப் பக்கத்தில் இருந்தது. எடுத்துக் கெண்டைக்காலில் இரண்டு அடி அடித்தேன்.

பிள்ளை அழவில்லை. என்னைப் பார்த்தாள். போய் மூலையில் உட்கார்ந்தாள்.

அடுத்த மூன்று நாள் வீடு அமைதியாக இருந்தது. சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள். கொடுத்ததைத் தின்றாள். பெரியவர்கள் சொன்னது சரிதான் போல என்று நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

நாலாம் நாள் டிரம்முக்குப் பின்னால் நாற்றம் வந்தது. எலிதான் செத்துக் கிடக்கிறது என்று நினைத்து டிரம்மை நகர்த்தினேன். எலி இல்லை. அங்கே அவளுடைய ஜட்டி மூன்று, நனைந்தபடி சுருட்டி வைத்திருந்தது. இரண்டரை வயசிலேயே உடையில் மூத்திரம் போவதை நிறுத்தியவள் அவள். மறுபடி போயிருக்கிறாள். நான் பார்த்தால் அடிப்பேன் என்று ஒளித்து வைத்திருக்கிறாள். அதில் ஒன்றைக் கையில் எடுத்து, "இது என்ன பாப்பா?" என்றுதான் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. இரண்டு கையாலும் கெண்டைக்காலை மூடிக்கொண்டாள்.

வீட்டில் நடக்கிற எல்லாவற்றையும் என்னிடம் ஓடி வந்து சொல்கிற பிள்ளை அவள். எறும்பு போனால்கூடச் சொல்வாள். அவளுக்கு என்னிடம் ஒளிக்கத் தெரிந்துவிட்டது. அதைச் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மாலையில் வகுப்புக்கு வந்தேன். அன்று ஆச்சி 'ழ' எழுதிக் கொண்டிருந்தார். ஆச்சி, சொல்லலாம் இல்லையா? ஆச்சி தலையாட்டிவிட்டார். நான் பின்பக்கமாகப் போய்க் குனிந்து பார்த்தேன். ஆச்சி சட்டென்று நோட்டைக் கையால் மறைத்தார். கை நடுங்கியது. "ஏன் ஆச்சி?" என்று கேட்டேன். ஊரில் இரண்டாம் வகுப்பில் வாத்தியார் பின்னால் வந்துதான் விரல் முட்டியில் அடிப்பாராம், அதனால்தான் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று நின்றுவிட்டாராம். ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் பின்னால் ஆள் வந்து நின்றால் ஆச்சியின் கை தானாக மறைக்கிறது.

எனக்கு உடம்பெல்லாம் என்னவோ போல் ஆனது.

ஆச்சிக்கு 'ழ' வர பதினைந்து நாள் ஆயிற்று. நான் ஒரு நாளாவது கோபப்பட்டேனா? "நாளைக்கு வரும் ஆச்சி" என்றுதான் சொன்னேன். அந்தப் பொறுமையை என் வாசல்படிக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் நான் வீட்டுக்குள் போயிருக்கிறேன். பள்ளியில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. நம் வீட்டுக்குள் வந்து அதைச் சொல்ல ஆள் இல்லை.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றிக் கேட்கவும் படிக்கவும் ஆரம்பித்தேன். பால்வாடி டீச்சரிடமும் பேசினேன். மூன்று நாலு வயசில் "நான் வேறு ஆள், எனக்கும் ஒரு விருப்பம் இருக்கிறது" என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் அந்த விருப்பத்தை அடக்கி வைக்கிற பலம் இன்னும் வரவில்லை. மாடு வளர்ந்துவிட்டது, மூக்கணாங்கயிறு இன்னும் போடவில்லை. அந்தக் கயிறு மூளையில் மெல்ல மெல்லத்தான் உருவாகிறது, அது முடிய இருபது வயசுக்கு மேலும் ஆகிறது. நம்மை எதிர்க்க வேண்டும் என்று திட்டம் போட்டு அவள் "மாட்டேன்" சொல்லவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. அது தூக்கம். மூன்று நாலு வயசுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ராத்திரி பதினொன்றரை வரை லைட் எரியும், டிவி ஓடும், நாங்கள் நூல் வெட்டுவோம். காலை ஐந்தரைக்குத் தண்ணீர்ச் சத்தம். பகல் தூக்கத்தைச் சேர்த்தாலும் ஏழு மணி நேரம்தான். தூக்கம் கெட்டால் எனக்கே யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காது. பத்துக்குப் பத்து அறையில் தூக்கத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இப்போது ஒன்பது மணிக்கு டிவியை நிறுத்துகிறோம். பரணில் பாயைப் போட்டு, சேலையை மறைப்பாகக் கட்டி, அவளைத் தூங்க வைக்கிறேன். அவர் முதலில் முணுமுணுத்தார். கிரிக்கெட் நடக்கிற நாளில் இப்போதும் முணுமுணுக்கிறார்.

செல்போனையும் குறைத்தோம். இந்த வயசுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று அதே நிறுவனம் சொல்கிறது.

நம் மகாராஷ்டிரத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தாராபாய் மோடக் என்ற அம்மா 1945-ல் போர்டி என்ற ஊரில் பால்வாடி தொடங்கினார். அனுதாய் வாக் என்ற அம்மாவும் அவரோடு வேலை செய்தார். பிறகு கோஸ்பாட் மலைக்கு, ஆதிவாசிப் பிள்ளைகளிடம் போனார்கள். பிள்ளைகளுக்கு மாடு மேய்க்கிற வேலை இருந்தது. பள்ளிக்கூடம் தேடி வர முடியவில்லை. அந்த அம்மாமார் பிள்ளைகளைத் திட்டவில்லை. குடிசை முற்றத்துக்கே பாடத்தைக் கொண்டுபோனார்கள், மேய்ச்சல் வெளியிலும் பாடம் நடத்தினார்கள். அங்கன்வாடி என்ற பெயரில் இருக்கிற 'அங்கன்' முற்றம்தான். என் பிள்ளை நிற்கிற இடத்துக்கு நான் போனேனா? அவளை இழுத்துக்கொண்டுதானே இருந்தேன்?

இப்போது தண்ணீர் வருகிற நேரத்தில் அவளுக்கும் வேலை உண்டு. சின்னச் செம்பில் அரைச் செம்பு தண்ணீர் எடுத்து, வாசலில் இருக்கிற துளசித் தொட்டிக்கு ஊற்ற வேண்டும். கொஞ்சம் நேரம் ஆகும், ஆனால் சண்டை இல்லை. "சட்டை போடு" என்றால் மாட்டேன் என்பாள். "சிவப்பா, மஞ்சளா?" என்று கேட்டால் யோசிப்பாள்.

அதற்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அடுப்பு, ரோடு, அடுத்த பிள்ளையை அடிப்பது, இந்த மூன்றிலும் பேச்சே கிடையாது. தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். எவ்வளவு கத்தினாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். திட்டுவதும் இல்லை, கெஞ்சுவதும் இல்லை. அழுகை ஓய்ந்ததும் தண்ணீர் கொடுப்பேன்.

கடையில்தான் எனக்குத் தோல்வி. நைன்ட்டி ஃபீட் ரோட்டில் சிப்ஸ் பாக்கெட் கேட்டுத் தரையில் உருண்டாள். முதலில் வேண்டாம் என்றேன். சுற்றிலும் ஆட்கள் பார்த்தார்கள். வெட்கத்தில் வாங்கிக் கொடுத்துவிட்டேன். உருண்டால் கிடைக்கும் என்று அவள் படித்துக்கொண்டாள். அந்தப் பாடத்தை மறக்க வைக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. கொடுப்பதாக இருந்தால் கேட்டவுடனே கொடுத்திருக்கலாம்.

ஒன்றை மட்டும் பிடிவாதம் என்று விட்டுவிடாதீர்கள். நம் பக்கத்துச் சந்தில் ஒரு பையனைத் திமிர் பிடித்தவன் என்றார்கள். கூப்பிட்டால் திரும்பவே மாட்டான். பிறகுதான் தெரிந்தது, அவனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, வயசுக்கு ஏற்றபடி பேச்சு வராத பிள்ளை, நன்றாக இருந்து திடீரென்று மாறிப்போன பிள்ளை, இவர்களை முனிசிபல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். அங்கன்வாடியில் சொன்னாலும் வழி சொல்வார்கள்.

ஜட்டியைக் கண்டெடுத்த அன்று ராத்திரி அவளிடம், "அம்மா அடிச்சது தப்பு, இனி அடிக்க மாட்டேன்" என்று சொன்னேன். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, பெத்த பிள்ளைகிட்ட போயா மன்னிப்புக் கேப்பாக? நாளைக்கு மதிக்குமா?" என்றார்கள். அத்தை ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர்கள். அவர்கள் பட்ட கஷ்டத்தில் பாதி நான் படவில்லை. எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கவும் இல்லை. கை ஓங்கிய நாள் அதற்குப் பிறகும் உண்டு. ஓங்கிய கையைப் பாத்திரம் தேய்க்க அனுப்பிவிடுவேன். சத்தமும் போட்டிருக்கிறேன். நேற்றுகூடப் போட்டேன். நான் நல்ல அம்மாவா என்ற கேள்வி ராத்திரி விளக்கை அணைத்த பிறகு இன்னும் வருகிறது.

போன வியாழக்கிழமை நான் நூல் வெட்டிக்கொண்டிருந்தேன். சேலை முந்தானையை யாரோ இழுத்தார்கள். திரும்பினால் இவள் நிற்கிறாள். நனைந்த ஜட்டி கையில் இருக்கிறது. "அம்மா, நனைஞ்சிட்டு" என்றாள். அவ்வளவுதான். வேறு ஜட்டி எடுத்துக் கொடுத்தேன். இரண்டு காலையும் ஒரே பக்கத்தில் விட்டுக்கொண்டு, "நானேதான் போடுவேன்" என்றாள்.

அந்த அக்கா இங்கேதான் இருக்கிறார். அக்கா, நீங்கள் பேசுவதானால் பேசுங்கள். இல்லாவிட்டால் ஆச்சி முதலில் பேசட்டும். குழாய் வர நேரம் இருக்கிறது.