ஊசியின் விலையும் கூலியும்

ஐப்பசியும் கார்த்திகையும் தாமிரபரணிக் கரையில் பிசான சாகுபடிக்குரிய மாதங்கள். குழந்தைகளைச் சளியும் இருமலும் வாட்டும் மாதங்களும் அவையே. இத்தகைய நோய்களைத் தரும் கிருமிகளுள் ஆர்.எஸ்.வி. என்பதும் ஒன்று. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஜலதோஷத்தோடு போய்விடும் இக்கிருமி, குறைமாதத்தில் பிறந்த சிசுவை மூச்சுத் திணற வைத்துவிடும். இதைத் தடுக்கும் ஊசிகளைப் பற்றியும், அத்தகைய ஊசிகளுக்கு வரும் பில்லைப் படிக்கும் முறையைப் பற்றியும் இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

தடுப்பூசி விதைநெல் போன்றது. உடல் தானே விளைவித்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்பொருள் ஊசியோ வடித்த சோறு. பசி உடனே தீரும், நெடுநாள் இராது. 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாலிவிசுமாப் இவ்வகையைச் சேர்ந்தது. குழந்தையின் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், நோய்ப் பருவத்தில் மாதந்தோறும் போடவேண்டும். 4 கிலோ குழந்தைக்கு 60 மில்லிகிராம் தேவை. குப்பிகளோ 50, 100 என்னும் அளவுகளில் வந்தன. 100 குப்பியைத் திறந்தால் 40 மிஞ்சும். ஒரு முறைக்கே உரிய குப்பியாதலால், மிஞ்சியதை எடுத்துவைக்க இயலாது. எறியும் மருந்துக்கும் யாரோ ஒருவர் விலை கொடுத்தாக வேண்டும் அன்றோ?

பின்னர் வந்த நிர்செவிமாப் இக்கணக்கை எளிதாக்கியது. முதற்பருவத்தில் 5 கிலோவுக்குக் குறைந்த சிசுவுக்கு 50 மில்லிகிராம், அதற்கு மேற்பட்டால் 100. ஒரே ஊசி சுமார் ஐந்து மாதம் காக்கும். ஸ்பெயின் நாட்டின் கலீசியா மாநிலம் 2023இல் அதைச் சிசுக்களுக்கு அரசுச் செலவிலேயே போட்டது. அவ்வூசி பெற்ற சிசுக்களிடையே இந்நோயால் மருத்துவமனையில் சேர்வது சுமார் 82 விழுக்காடு குறைந்தது.

நம் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இம்மருந்து இடம்பெறவில்லை. மருத்துவக் காப்பீடுகளும் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தவருக்கே பணம் தருகின்றன. நோய் வராமல் காப்பதற்குத் தருவது அரிது. கரை உடைந்தபின் மண் கொட்டக் கூலி உண்டு, உடையுமுன் உயர்த்தக் கூலி இல்லை என்பது போன்றது இது. ஆகவே அட்டவணையில் இல்லாத ஊசிக்குத் தனியாரிடம் செல்லும் குடும்பம் தன் மடியிலிருந்தே பணம் எடுக்கவேண்டியிருக்கிறது. பில்லைப் படிக்கத் தெரிவது அதனால்தான் அவசியமாகிறது.

அப்பில் எவ்வாறு இருக்கவேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. கொரோனாத் தடுப்பூசிக்குத் தனியார் மருத்துவமனைகள் வாங்கக்கூடிய உச்ச விலையை மத்திய அரசு 2021 ஜூனில் வகுத்தது. கோவிஷீல்டுக்கு மருந்து 600 ரூபாய், வரி 30, சேவைக் கட்டணம் 150, ஆக 780. கோவாக்சினுக்கு மருந்து 1,200, வரி 60, சேவைக் கட்டணம் அதே 150, ஆக 1,410. மருந்தின் விலை இரு மடங்கானபோதும் ஊசி போடும் கூலி உயரவில்லை என்பதைக் கவனியுங்கள். விலை உயர்ந்த மருந்தாயினும் குத்தும் கை ஒன்றே. பிடிக்கும் நேரமும் ஒன்றே. விலையையும் கூலியையும் ஒரே தொகையாகச் சேர்த்து எழுதினால் இந்த நியாயம் கண்ணுக்குத் தெரியாது.

என்னிடம் படித்த நெசவாளர் ஒருவர், தம் தாயாருக்குச் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்ட பில்லைக் கொண்டுவந்து காட்டினார். “ஊசி” என்று ஒரு சொல், எதிரே ஒரு தொகை, அவ்வளவே. “விவரம் கேட்கவில்லையா?” என்றேன். “கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பயமாக இருந்தது, சார்” என்றார். கடையில் கத்தரிக்காய்க்கு நிறை பார்ப்பவர், மருத்துவமனையில் வாய் மூடி நிற்கிறார். கல்வி அவருக்கு எழுத்தைத் தந்தது. கேட்கும் துணிவைத் தரவில்லையே என்று வருந்தினேன்.

பெற்றோர்களே, ஊசி போடுமுன் மூன்று கேள்விகளைப் பணிவோடு கேளுங்கள். மருந்தின் பெயரும் அளவும் யாவை? குப்பியின் மீது அச்சிட்ட அதிகபட்ச விலை எவ்வளவு? போடும் கட்டணம் எவ்வளவு? அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது சட்ட விரோதம். அட்டவணையிலுள்ள தடுப்பூசிகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன என்பதையும் மறவாதீர்கள்.

மருத்துவ அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மருந்து, வரி, கட்டணம் என மூன்று வரியாகப் பில் எழுதித் தாருங்கள். அதனால் உங்கள் மதிப்பு குறையாது. அடுத்த மழைக்காலத்துக்கு முன்பும் அந்தத் தாய் தன் குழந்தையைத் தயங்காமல் தூக்கிவருவாள்.