உளியை வாங்காத கை
(பரிசளிப்பு விழாவில் பள்ளியின் முன்னாள் மாணவர் ஆற்றிய உரை)



கோலாலம்பூரில் மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை. "அங்கே என்னப்பா பண்றே?" என்று வாசலில் ஒரு பெரியவர் கேட்டார். அதையே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் செய்யும் மென்பொருள் சாதாரண மக்கள் புழங்கச் சுலபமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சிறு குழு உண்டு. மூன்று இளைஞர்கள், மூவரும் படிப்பை முடித்த கையோடு வந்தவர்கள். அவர்களைப் பழக்கும் பொறுப்பு என்னுடையது. ஆறு மாதத்தில் பலன் தெரியாவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

பயத்தில் ஒரு தவறு செய்தேன். பிள்ளைகள் எழுதிய அறிக்கைகளை இரவோடிரவாக நானே திருத்தி எழுதினேன். அறிக்கை அழகாக இருந்தது. பிள்ளைகள் ஒன்றும் கற்கவில்லை. இரண்டு மாதம் வீண்.

அப்போதுதான் அம்மா ஞாபகம் வந்தது. தோட்டத்தில் புதிதாகப் பால் வெட்ட வருகிறவர்களுக்கு அவர்தான் பழக்கிக் கொடுப்பார். இரண்டு மரம் வெட்டிக் காட்டுவார். அப்புறம் உளியைத் தொடமாட்டார். வெட்டு ஆழமாக இறங்கி மரம் காயப்படப் போகிறது என்றால்தான் வாயைத் திறப்பார்.

நானும் பேனாவைக் கீழே வைத்தேன்.

மருத்துவமனை முன்பதிவுக்கு ஒரு மென்பொருள். ஓர் அம்மாவை அழைத்துக் கணினி முன் உட்கார வைத்தோம். தம் அடையாள அட்டையைப் பார்த்து எண்ணைத் தட்டினார். 'தவறு' என்று சிவப்பில் வந்தது. மறுபடியும் தட்டினார். மறுபடியும் தவறு. எங்கள் தம்பி ஒருவனுக்குப் பொறுக்கவில்லை. விரலை நீட்டிக் காட்டப் போனான். கையைப் பிடித்துக்கொண்டேன். நான்காவது முறை அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "எனக்குப் படிப்பு கம்மி தம்பி, மன்னிச்சுக்க" என்றார்.

அவர் போன பிறகு, "அவங்களுக்குத் தெரியலைண்ணே" என்றான் தம்பி.

"உன் அட்டையை எடுத்துப் பாரு" என்றேன்.

அட்டையில் 12 எண்களுக்கு நடுவே இரண்டு சிறு கோடுகள் உண்டு அல்லவா? அந்த அம்மா உள்ளதை உள்ளபடியே தட்டியிருக்கிறார். எங்கள் மென்பொருளுக்குக் கோடு ஆகாது. அதை எந்த இடத்திலும் சொல்லவும் இல்லை. தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அன்று முதல் அவன் யாரையும் 'தெரியாதவர்' என்று எழுதியதில்லை.

நூறு பேரை உட்கார வைக்க வேண்டியதில்லை. ஐந்து பேரைக் கவனித்தாலே சுமார் 85 விழுக்காடு குறைகள் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் என்னும் நிபுணர் 2000இல் எழுதினார். அந்த ஐந்து பேரும் அலுவலக நண்பர்களாக இருந்தால் பயனில்லை என்பது என் அனுபவம்.

இன்னொன்று. முன்பு அறுபது பக்க அறிக்கை கொடுத்தோம். மென்பொருள் எழுதுகிறவர்கள் புரட்டியும் பார்க்கவில்லை. இம்முறை பிள்ளைகளே யோசித்து, அதை எழுதியவரையே கூப்பிட்டுப் பின்னால் நாற்காலி போட்டார்கள். அடுத்து வந்த ஒருவர் அதே கோட்டில் தடுக்கி விழுவதை அவர் நேரில் பார்த்தார். அன்று மாலையே மாற்றிவிட்டார். கோடு போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, இப்போது ஏற்கும்.

குழு கலையவில்லை. போன மாதம் புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தார். அவரிடம் அதே தம்பி, "முதல்ல கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அம்மா முன்வரிசையில்தான் இருக்கிறார். நான் சொன்னதில் பிழை இருந்தால் வீட்டில் திருத்துவார். பரிசு பெறும் செல்வங்களுக்கு என் வாழ்த்துகள்.