புதுச்சேரியின் பெயர் தாங்கிய பறவை

(புதுச்சேரியில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த காலத்தில், பியேர் சொன்னேரா என்னும் இயற்கை அறிஞர் இங்கு வந்து தங்கி, இப்பகுதியின் மரஞ்செடிகளையும் பறவைகளையும் ஆராய்ந்தார். 1782ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய பயண நூலில் இங்குள்ள பெருங்கழுகு ஒன்றைப் பற்றிய விவரமும் இடம்பெற்றது. கரிய உடல், சிவந்த மொட்டைத் தலை, கழுத்தின் இருமருங்கும் தொங்கும் செந்நிறத் தோல்மடல் ஆகியவை அதன் அடையாளங்கள். 1786இல் ஸ்கொப்போலி என்னும் ஐரோப்பிய அறிஞர் அதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். உலகப் பறவை நூல்கள் அதனைப் 'பாண்டிச்சேரிக் கழுகு' என்றும் குறிக்கின்றன. தமிழில் அது செம்முகப் பாறு.

இந்நகரின் பெயரைச் சுமந்து உலகெங்கும் அறியப்பட்ட அப்பறவையை இன்று இந்நகர வானில் காண இயலாது. தமிழகத்தில் அதனைக் காண விரும்புவோர் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குச் செல்ல வேண்டும். அங்கும் அது அரிதே. 2024 செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் வனக்கோட்டத்தில், இவ்வினத்தைக் கூண்டில் வளர்த்துப் பெருக்குவதற்கென்றே ஒரு மையம் திறக்கப்பட்டது. புதுச்சேரிப் பறவை கங்கைச் சமவெளியில் கூண்டுக்குள் புகலிடம் தேட நேர்ந்தது எப்படி என்பதும், கூண்டிலிருந்து அது மீண்டும் வானம் ஏற என்ன வேண்டும் என்பதுமே இவ்வுரையின் பொருள்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். இன்றைய பேச்சில் கழுகு, பருந்து, கருடன் எல்லாம் ஒன்றாகிவிட்டன. பழந்தமிழில் அவ்வாறில்லை. போர்க்களத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் பாறு, எருவை, பருந்து என வேறுபடுத்தியே பாடினர். உயிருள்ள இரையை வேட்டையாடுவது பருந்து. இறந்துபட்ட உடலையே நாடி உண்பது பாறு. 'பிணந்தின்னி' என்று இகழ்ச்சியாக அதனை அழைக்கும் வழக்கம் உண்டு. ஊன் உண்ணும் உயிர்களிலேயே கொலைப்பழி மிகக் குறைந்த உயிர் அது என்பதை அந்த இகழ்ச்சி மறந்துவிடுகிறது.

இப்பறவைகள் ஒருகாலத்தில் எண்ணற்று இருந்தன. 1980களில் இந்தியாவில் ஏறத்தாழ 4 கோடிப் பாறுகள் இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. ஊர்ப்புறத்தில் ஒரு மாடு இறந்து கிடந்தால், ஒரு மணி நேரத்துக்குள் எலும்பை மட்டும் விட்டுவைத்துப் பறந்து செல்லும் கூட்டங்கள் வடநாட்டில் எங்கும் இருந்தன. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னை செல்வோர் மாமல்லபுரத்திலிருந்து சற்று மேற்கே விலகினால் திருக்கழுக்குன்றம். அங்கு நண்பகலில் இரு பறவைகள் வந்து அர்ச்சகர் கையால் சர்க்கரைப் பொங்கல் உண்டு சென்றதைக் கண்டவர் இந்த அவையிலும் இருக்கக்கூடும். அவை மஞ்சள்முகப் பாறுகள். 1990களின் இறுதிக்குப் பின் அவை வருவதில்லை.

அதே 1990களின் பிற்பகுதியில், இராசத்தானத்துப் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் விபு பிரகாஷ் என்னும் பறவையியலர் ஒரு விந்தையைக் கண்டார். பாறுகள் கழுத்தைத் தொங்கவிட்டபடி மரங்களில் சோர்ந்து அமர்ந்திருந்தன. சில நாள்களில் கீழே விழுந்து இறந்தன. 1992ஆம் ஆண்டுக்கும் 2007ஆம் ஆண்டுக்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவிற்குக் குறைந்துவிட்டன. வேறெந்தப் பறவையும் இவ்வளவு விரைவாக வீழ்ந்ததாகச் செய்தி அரிது.

தொற்றுநோய் என்று முதலில் ஐயுற்றனர். 2004இல் லிண்ட்சே ஓக்ஸ் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர் குழுவினரும் பாகிஸ்தானில் ஆராய்ந்து, உண்மையை 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். கொன்றது நோயன்று, மருந்து. மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் போடப்படும் டைக்ளோஃபினாக் என்னும் ஊசிமருந்து. அவ்வூசி போட்ட சில நாள்களுக்குள் மாடு இறந்துவிட்டால், மருந்தின் எச்சம் அதன் தசையிலும் ஈரலிலும் தங்கியிருக்கும். அதை உண்ட பாற்றின் சிறுநீரகம் செயலிழக்கும். உடலில் தேங்கும் யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின்மேல் வெண்ணிறப் பூச்சாய்ப் படியும். இறந்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்நஞ்சு இருந்தாலே அப்பேரழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டனர். ஒரு மாட்டைச் சுற்றிப் பல பறவைகள் கூடி உண்பதால் வந்த வினை இது.

இவ்விடத்தில் சற்று நின்று எண்ண வேண்டியிருக்கிறது. இந்த ஊசியைப் போட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். பால் வற்றிய பசுவும் கால் முடங்கிய எருதும் வலியால் துடிக்கக் கண்டு பொறாதவர்கள். இறைச்சிக்கு விற்க மனமின்றி, இயற்கையாக இறக்கும்வரை வைத்துக் காப்பாற்றியவர்கள். அருள் மிகுந்த இடத்தில்தான் முதுமை எய்திய மாடு இருக்கும்; முதுமை எய்திய மாட்டுக்குத்தான் வலிநீக்கி அடிக்கடி தேவைப்படும். அத்தகைய மாடுதான் ஊசி போட்ட சில நாள்களில் இறக்கும் வாய்ப்பும் மிகுதி. ஆகவே கோசாலைகளும் பாஞ்சராப்போள்களும் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டிய இடங்கள் ஆகின்றன. ஓருயிர்மேல் கொண்ட இரக்கம், கண்ணுக்குத் தெரியாத மற்றோர் உயிரினத்தின் வேரையே அறுத்த கதை இது. அறியாமல் நேர்ந்தது என்பது 2004 வரையில் பொருந்தும். அதற்குப் பின் பொருந்தாது.

இழப்பு பறவைகளோடு நிற்கவில்லை. உண்பாரற்ற பிணங்களால் தெருநாய்கள் பெருகின; நீர்நிலைகள் கெட்டன. 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் பாறுகளின் மறைவால் ஏறத்தாழ 5 இலட்சம் மனித உயிர்கள் கூடுதலாக இழக்கப்பட்டன என்று ஐயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் ஆகிய பொருளியலறிஞர் இருவர் 2024இல் வெளியிட்ட ஆய்வு கணித்தது. மும்பைப் பார்சி மக்கள் தம் முன்னோர் வகுத்த இறுதிச் சடங்கையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

பறவைகள் முற்றும் அழியுமுன் சிலவற்றையேனும் காப்பாற்ற வேண்டி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் அரியானா வனத்துறையும் இணைந்து பிஞ்சோரில் ஒரு மையத்தை நடத்தின. 2001இல் நோய் ஆராயும் இடமாகத் தொடங்கி, 2004 முதல் இனப்பெருக்க மையமாக மாறிய அதற்குச் சடாயுவின் பெயரை இட்டனர். விமலசூரி இயற்றிய பிராகிருத இராமகாதையில் சடாயு முனிவர்களிடம் நோன்பு ஏற்ற பறவை என்பதைச் சமணர் அறிவர். பெயர் வைத்தவர்கள் அதனை நினைத்தார்களோ இல்லையோ, பெயர் பொருந்தியிருக்கிறது. மேற்கு வங்கத்து இராசபாத்கவாவிலும், அசாமின் இராணியிலும், போபாலிலும் பின்னர் மையங்கள் எழுந்தன.

பாறு வளர்ப்பது கோழி வளர்ப்பதன்று. பிறந்து ஏறத்தாழ ஐந்தாண்டு கழிந்தே அது முட்டையிடும். அதுவும் ஆண்டுக்கு ஒன்றே. ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்க, குஞ்சு பொரிய ஐம்பது நாளுக்கு மேலாகும். அது பறக்க மேலும் சில மாதங்கள். முதல் முட்டையை எடுத்துக் கருவியில் வைத்துப் பொரிக்கச் செய்தால் அதே இணை சில வாரங்களில் இன்னொன்று இடும் என்பதைக் கண்டறிந்து, அம்முறையால் எண்ணிக்கையைச் சற்று உயர்த்தினர். 2009இல் மெல்லலகுப் பாறு உலகிலேயே முதன்முறையாகக் கூண்டில் குஞ்சு பொரித்தது.

இம்மையங்களைப் பற்றிச் சமண மக்களிடம் பேசும்போது ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. கூண்டிலுள்ள பறவைகளுக்கு உணவாவது ஆட்டிறைச்சி. இறந்த மாட்டை வெளியிலிருந்து கொண்டுவந்தால் அதில் நஞ்சு இருக்கக்கூடும். ஆதலால் ஆடுகளை வாங்கிக் குறைந்தது ஒரு வாரம் வைத்திருந்து, பழைய மருந்து உடலினின்று நீங்கிய பின்னரே அறுத்து இடுகின்றனர். காட்டில் எதனையும் கொல்லாமல் வாழும் பறவைக்கு, கூண்டில் மனிதன் கொன்று உணவிட வேண்டியிருக்கிறது. இதைக் கேட்டு முகம் சுளித்து, இத்தகைய பணிக்குத் துணை நிற்பதே பாவம் என ஒதுங்குவாரும் உண்டு. அவர்களுடைய வருத்தம் பொய்யன்று. ஆனால் அவ்வருத்தம் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. கூண்டு இருக்கும்வரை ஆடு அறுபடும். வெளியே நஞ்சு இருக்கும்வரை கூண்டு இருக்கும். நஞ்சை நீக்கும் வேலையோ கூண்டுக்காரர் கையில் இல்லை. மாடு வைத்திருப்போர் கையில் இருக்கிறது.

விடுவிக்கும் முறையே இதனைத் தெளிவாக்கும். குஞ்சுகள் வளர்ந்தவுடன் கதவைத் திறந்துவிடுவதில்லை. விடப்போகும் இடத்தைச் சுற்றி 100 கிலோமீட்டர் ஆரத்துக்கு ஊர் ஊராகச் சென்று ஆராய்கின்றனர். மாட்டுக்காரர் போல் மருந்துக் கடைக்குச் சென்று, வலிக்கு ஊசி கேட்டு, எதைத் தருகிறார்கள் என்று பார்க்கின்றனர். கடை சுத்தமானால்தான் வானம் சுத்தம். பின்னர்ப் பறவைகளை அவ்விடத்திலேயே பெருங்கூண்டில் மாதக்கணக்கில் வைத்து, வெயிலையும் காற்றையும் அக்கம்பக்கத்துக் காட்டுப் பறவைகளையும் பழக்குகின்றனர். செயற்கைக்கோள் வழி இருப்பிடம் காட்டும் சிறு கருவியை முதுகில் பொருத்துகின்றனர். கதவு திறந்த பின்னும் வெளியே உணவு வைப்பர். விரும்பிய நாளில் பறவை போகலாம். 2020 அக்டோபரில் பிஞ்சோரில் 8 வெண்முதுகுப் பாறுகள் இவ்வாறு விடப்பட்டன. மையம் தொடங்கி ஏறக்குறைய இருபதாண்டுகளுக்குப் பின்! அவ்வளவு காலம் காத்திருந்தது முட்டைக்காக அன்று, மருந்துக் கடைகளுக்காக.

சட்டம் தன் கடமையை மெல்ல மெல்லச் செய்தது. 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. உடனே மனிதருக்கான பெரும்புட்டிகள் மாட்டுக்கொட்டிலுக்கு வந்தன. 2015இல் அப்பெரும்புட்டிகளையும் தடுத்து, ஒருவருக்கு ஒருமுறை போடும் 3 மி.லி. அளவே விற்கலாம் என ஆணை பிறந்தது. அதை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2017இல் தள்ளுபடி செய்தது. தமிழர் மகிழத்தக்க தீர்ப்பு அது. மாட்டின் உடலுக்குள் சென்றபின் டைக்ளோஃபினாக்காகவே மாறும் அசிக்ளோஃபினாக்கும், கீட்டோபுரோஃபெனும் 2023இல் தடை செய்யப்பட்டன. 2024 இறுதியில் நிமிசுலைடு. ஒன்றைத் தடுத்தால் மற்றொன்று வரும் இந்த ஓட்டத்தில், மெலாக்சிகம், டோல்ஃபினாமிக் அமிலம் ஆகிய இரண்டும் பாறுகளுக்குத் தீங்கில்லை என்று ஆய்ந்து நிறுவப்பட்டவை. அவையும் மாட்டின் வலியைத் தீர்ப்பவையே. ஆதலின் பசுவின் துன்பமா, பறவையின் உயிரா என்ற தடுமாற்றத்துக்கே இடமில்லை.

வடநாட்டுச் செய்தி இங்கு எதற்கு என்று கேட்கலாம். 2024 தொடக்கத்தில் பிஞ்சோரிலிருந்து 10 வெண்முதுகுப் பாறுகள் மராட்டியத்துத் தடோபாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஆகஸ்டில் விடுவிக்கப்பட்டன. அவற்றுள் 'என்-11' என்று குறியிடப்பட்ட பறவை மாநிலம் மாநிலமாகச் சுற்றி, ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் பறந்து, 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயத்தை வந்தடைந்தது. சித்தன்னவாசல் குகைக்குச் சென்று வணங்கி வந்த குடும்பங்களுக்கு அந்நிலம் புதிதன்று, அதே மாவட்டம். கூண்டில் வளர்ந்த பறவைக்கு யாரும் வழி சொல்லித் தரவில்லை. திருமயத்திலிருந்து புதுச்சேரி நேர்கோட்டில் 220 கிலோமீட்டர் அளவே. ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் பறக்க வல்ல பறவைக்கு அது இரண்டு நாள் தொலைவு. நூறு கிலோமீட்டர் ஆரம் வரைந்து ஊர்களைத் தூய்மை செய்பவர்கள் இத்தகைய பயணத்தை எவ்வாறு பின்தொடர்வர்? அப்பறவை எந்த ஊரில் இறங்கினாலும் அங்குள்ள இறந்த மாடு நஞ்சற்றதாக இருக்க வேண்டும்.

தமிழ்ச் சமணர் வணிகத்தைவிட உழவையே மிகுதியாகச் சார்ந்து வாழ்ந்த மக்கள். புதுச்சேரியில் குடியேறிய நயினார் குடும்பங்களுக்கு இன்றும் வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்து ஊர்களில் நிலமும் மாடும் உறவும் உண்டு. கோசாலைகளுக்கு ஆண்டுதோறும் நன்கொடை அனுப்பும் குடும்பங்களும் பல. நன்கொடை அனுப்பும்போது உடன் ஒரு வினாவும் அனுப்பலாம்: அங்குள்ள மருந்துப் பெட்டியில் எந்த வலிநீக்கி இருக்கிறது? ஊரில் மாட்டுக்கு ஊசி போட வருபவரிடம் புட்டியை வாங்கி, அதன்மேல் உள்ள வணிகப் பெயரைவிட்டுக் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படிக்கலாம். பள்ளி செல்லும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களே படித்துச் சொல்வர். ஐயம் இருந்தால் கேட்பதற்குக் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தடை செய்த மருந்து போட்ட மாடு இறந்துவிட்டால், அதனைத் திறந்த வெளியில் இடாமல் ஆழப் புதைத்துவிட வேண்டும். மாடுகளுக்குப் பதிவேடு வைத்திருக்கும் கோசாலைகள், கடைசி ஏழு நாளில் போட்ட ஊசி என்று அதில் ஒரு பத்தியைக் கூடுதலாக வரைந்துகொண்டால் போதும். அதற்கு ஓர் அளவுகோலும் எழுதுகோலும் தவிர வேறு செலவில்லை.