நம்ம டிரான்ஸ்பார்மரைக் காக்க எழுத்து மூலம் மனுக் கொடுப்போம்!

(கிளைக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



இன்னைக்கு நம்ம சங்கம் உங்க முன்னாடி வைக்கிற வேண்டுகோள் ஒண்ணே ஒண்ணுதான். காட்டுக்குள்ள நிக்கிற டிரான்ஸ்பார்மருக்காகவும், தலைக்கு மேல தொங்குற கம்பிக்காகவும் நாம் எழுத்து மூலமாக மனுக் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதிக் கொடுத்தது கோப்பில் நிற்கும். நாளைக்கு ஒரு உயிர் போனாலோ, பயிர் கருகினாலோ "எங்களுக்குத் தெரியவே தெரியாது" என்று யாரும் கை விரிக்க முடியாது.

"இலவச கரண்ட்தானே, இதுக்கு மனு வேறயா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்த இலவசம் பிச்சையாக வந்ததில்லைங்க. மின் கட்டண உயர்வை எதிர்த்து 1970இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்கு நம் விவசாயிகள் பலியானார்கள். 1972இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகளைக் கொண்டுபோய் கோவையையே நிறுத்தினோம். 1990இல்தான் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. அதுமட்டுமில்லை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65ஆவது பிரிவு என்ன சொல்கிறது? மாநில அரசு சலுகை கொடுத்தால் அந்தப் பணத்தை அரசு முன்கூட்டியே மின் நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டும் என்கிறது. ஆக, நம்ம கரண்டுக்கும் காசு உண்டு. நல்ல மின்சாரம் கேட்பது நம் உரிமை.

இப்போ டிரான்ஸ்பார்மர் ஏன் எரியுது என்று பார்ப்போம். 5 ஹெச்.பி. மோட்டார் ஒன்று சுமாராக 5.5 கே.வி.ஏ. இழுக்கும். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் ஒரே நேரத்தில் 17, 18 மோட்டார் ஓடினாலே முழுச் சுமை வந்துவிடும். அதுக்கு மேலே ஏற ஏற வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். ஆம்பியர் கூடினால் கம்பி சூடாகி வோல்டேஜ் இன்னும் இறங்கும். அப்போது பியூஸ் போக வேண்டும். பியூஸ் இருக்கிற இடத்தில் தடிக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தால் பியூஸ் போகாது, காயில்தான் எரியும். ஆயில் திருட்டும் தாமிரத் திருட்டும் இதோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

நம்ம மோட்டாரில் முடிகிற இந்த லைன் தொடங்குவது மின் நிலையத்தில். நடுவில் எங்கே பழுதானாலும் பாதிப்பு எல்லாருக்கும்தான். 2012 ஜூலை 30ஆம் தேதி பினா-குவாலியர் என்ற ஒரே ஒரு 400 கிலோவோல்ட் லைன் சுமை தாங்காமல் விடுபட்டது. வட இந்தியா முழுக்க இருண்டது. மறுநாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. சுமார் 60 கோடி மக்கள் பாதிக்கப்பட்டார்கள். அன்றைக்குத் தென் மாநிலங்கள் அந்தத் தொடரோடு முழுசாக இணையாததால் நாம் தப்பினோம். 2013 டிசம்பர் கடைசியில் நாமும் இணைந்துவிட்டோம். 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்ததை டெல்டா விவசாயி இன்னும் மறக்கவில்லை. புயலை நாம் தடுக்க முடியாது. புயல் வருவதற்கு முன்னால் அரித்துப்போன கம்பத்தை மாற்றச் சொல்ல முடியும்.

மனு எப்படி எழுதுவது?

ஒன்று: ஒரு மனுவில் ஒரு பிரச்சினை. டிரான்ஸ்பார்மர் பெயர், கம்ப எண், சர்வே எண், சர்வீஸ் எண், தேதி எல்லாம் இருக்கணும். "அடிக்கடி கரண்ட் போகுது" என்று எழுதினால் பிரயோஜனமில்லை. எந்த நாள், எத்தனை மணிக்குப் போச்சு, எப்போ வந்துச்சு என்று நோட்டில் குறித்து வைத்து எழுதுங்கள்.

இரண்டு: முதலில் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு. பிறகு உதவி செயற்பொறியாளர், செயற்பொறியாளர், மேற்பார்வைப் பொறியாளர் என்று படிப்படியாக. நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பக் கூடாது. வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்று: அந்த டிரான்ஸ்பார்மரில் தண்ணி பாய்ச்சுகிற எல்லாரும் கையெழுத்துப் போடணும். பட்டா யார் பேரில் இருந்தாலும் காட்டில் பாடுபடுகிற பெண்களும் போடணும்.

நான்கு: பதில் வராவிட்டால் ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுப்புவோம். மின் வட்டத்தில் இருக்கிற மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்குப் போவோம். அங்கேயும் தீராவிட்டால் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

ஐந்து: 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள். இந்த டிரான்ஸ்பார்மர் எத்தனை கே.வி.ஏ.? எத்தனை சர்வீஸ்? மொத்தம் எத்தனை ஹெச்.பி.? கடைசியாகப் பராமரிப்பு நடந்தது எப்போது? 30 நாளில் பதில் தரணும். அந்தப் பதில்தான் அடுத்த மனுவுக்கு ஆதாரம்.

ஆறு: ஆயில், தாமிரம் திருடு போனால் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள். மின்சாரச் சட்டம் 136ஆவது பிரிவில் இதற்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

ஒரு எச்சரிக்கை. கம்பி அறுந்து கிடந்தால் முதலில் ஆளையும் மாட்டையும் தள்ளி நிறுத்தி, போன் போட்டுச் சொல்லுங்கள். மனு அப்புறம். டிரான்ஸ்பார்மரில் நாமே ஏறுகிற வேலை வேண்டவே வேண்டாம். ஒரு பியூஸுக்காக ஒரு குடும்பம் தெருவில் நிற்கக் கூடாது.

நம்ம பக்கமும் சுத்தமாக இருக்கணும். மோட்டாருக்குச் சரியான கெப்பாசிட்டர் போடுவோம். அனுமதியில்லாமல் பெரிய மோட்டார் மாட்ட மாட்டோம். ரெண்டு பேஸில் மூணு பேஸ் மோட்டாரை ஓட்ட மாட்டோம். அப்போதுதான் அதிகாரி முன்னால் தலை நிமிர்ந்து கேட்க முடியும்.

நமது கோரிக்கைகள்:

* சுமை கூடிய டிரான்ஸ்பார்மர்களுக்குப் பக்கத்தில் கூடுதல் டிரான்ஸ்பார்மர் அமைத்திடு!
* தொங்கும் கம்பிகளை இழுத்துக் கட்டு! அரித்த கம்பங்களை உடனே மாற்று!
* காலியாக உள்ள களப்பணியாளர் இடங்களை நிரப்பு!
* எரிந்த டிரான்ஸ்பார்மரை மாற்ற விவசாயியிடம் வசூல் செய்யாதே!

தோழர்களே, இந்த வாரமே டிரான்ஸ்பார்மருக்கு ஒரு மனு தயாராகணும். எழுதத் தெரிந்த பிள்ளைகள் எழுதட்டும். பெரியவர்கள் கையெழுத்து வாங்கட்டும். எல்லா மனுவையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நாம் ஒன்றாகப் போவோம்.

லைனைக் காப்போம்! பயிரைக் காப்போம்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!